கேரி பை ஏறிவரும் கிருமி

கேள்வி: காத்துல பிளாஸ்டிக் பறக்குதாம், அதுமேல கிருமி ஒக்காந்து வருதாம். நெசமா, வாட்ஸ்அப்பா?
(வாசகர், கேணிக்கரை, இராமநாதபுரம்)

பதில்: இரண்டும்தான். செய்தி நெசம், கூடவே ஒட்டிவந்த பீதி வாட்ஸ்அப்.

முதல் பாதியில் சந்தேகமே வேண்டாம். 2015-ல் பாரிஸ் நகரத்து மாடியில் விழும் தூசியைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 29 முதல் 280 துகள் வரை இருந்தது. பாரிஸ் பெரிய பட்டணம், இருக்காதா பின்னே என்றவர்களுக்கு 2019-ல் பதில் வந்தது. பிரான்ஸின் பிரனீஸ் மலையில் ஊரும் தொழிற்சாலையும் எட்டாத ஓர் இடத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 365 துகள். 2023-ல் ஜப்பான்காரர்கள் ஃபூஜி மலை மேகத்தையே பிழிந்தார்கள். ஒரு லிட்டர் மேகநீரில் 6.7 முதல் 13.9 துகள். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த எதுவும் நுண்பிளாஸ்டிக் கணக்கில் சேரும். பறப்பவை அதைவிட மிக மிகச் சிறியவை.

இரண்டாம் பாதி, அதாவது கிருமி, முதலில் கடலில்தான் பிடிபட்டது. 2013-ல் எரிக் ஸெட்லர், ட்ரேசி மின்சர், லிண்டா அமரால்-ஸெட்லர் மூவரும் அட்லாண்டிக்கில் பொறுக்கிய பிளாஸ்டிக் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்தார்கள். சுற்றியிருந்த தண்ணீரில் காணாத வகையில் ஒரு தனிக் குடியிருப்பே அதன்மேல் இருந்தது. அதற்கு 'பிளாஸ்டிஸ்பியர்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு துண்டில் குடியிருந்தவற்றில் ஏறக்குறைய கால்வாசி வைப்ரியோ. காலரா கிருமி பிறந்த குடும்பம் அது. உடனே பதற வேண்டாம். அந்தக் குடும்பத்தில் சாதுக்களே அதிகம்.

கேள்வி: கடல்ல விழுந்தது கடல்லயே கெடக்கட்டுமே. அது எப்படி மேல ஏறும்?
(மீனவர், பாம்பன்)

பதில்: உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பாருங்கள் அண்ணே. கையில் துரு வருகிறதா? அந்தக் கம்பி கடலுக்குப் போனதில்லை, கடல்தான் அதைத் தேடி வந்தது.

அலை உடையும்போது தண்ணீருக்குள் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்கிறது. அது மேலே வந்து வெடிக்கிற நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத துளிகளை வீசி எறிகிறது. துளியின் தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு மட்டும் காற்றில் மிதக்கும். பழைய பாம்பன் ரயில் பாலம் ஆண்டு முழுவதும் பெயின்ட் கேட்டதும், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் இரும்புத் தகடுகளை வெயிலில் காயப்போட்டு அரிப்பை அளப்பதும் இதனால்தான். கடல் மட்டத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. எண்ணெய், பாசிச் சிதைவு, பாக்டீரியா, மிதக்கிற பிளாஸ்டிக் பொடி எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. குமிழி வெடிக்கும்போது உப்போடு அவற்றையும் கிளப்பிவிடுகிறது.

2020-ல் பிரான்ஸின் மிமிசான் கடற்கரையில் கரைநோக்கி அடித்த காற்றை வடிகட்டினார்கள். ஒரு கன மீட்டரில் 19 துகள் வரை சிக்கியது. ஆனால் கடல் ஒன்றே குற்றவாளி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு 2021-ல் போட்ட கணக்கில், காற்றில் இருந்த நுண்பிளாஸ்டிக்கில் 84 சதவீதம் சாலைகளிலிருந்து, 11 சதவீதம் கடலிலிருந்து என்று வந்தது. டயர் தேய்ந்த பொடியும், வண்டி ஓடும்போது சாலையிலிருந்து எழும்பும் பழைய குப்பையும்தான் அந்த 84.

கேள்வி: கிருமிக்குப் பிளாஸ்டிக்குல என்ன வேலை? திங்கவா வருது?
(கல்லூரி மாணவி, கீழக்கரை)

பதில்: தின்பதாக இருந்தால் நமக்கு ஏது கவலை! ஜப்பானின் சகாய் நகரத்தில் குளிர்பான பாட்டில் பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு 2016-ல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அதன் வேகம் தெரியுமா? பதமான முப்பது டிகிரி வெப்பத்தில் ஒரு மெல்லிய தாளைத் தீர்க்கவே ஆறு வாரம்.

மற்றவை தங்கத்தான் வருகின்றன. ராமேஸ்வரத்துச் சத்திரம் மாதிரிதான் இதுவும், வந்தவர் எந்த ஊர் என்று கேட்பாரில்லை. தண்ணீரில் விழுந்த சற்று நேரத்தில் பிளாஸ்டிக் மேல் புரதமும் சர்க்கரையும் கலந்த ஒரு பூச்சு படிகிறது. முதலில் வரும் பாக்டீரியா அதை நக்கிக்கொண்டு ஒட்டுகிறது, பிறகு தானே ஒரு பசையைச் சுரந்து கூடாரம் போடுகிறது. அந்தப் பசைக்குள் இருப்பவர்களை வெயிலும் மருந்தும் எளிதில் தொடுவதில்லை. நெருங்கிக் குடியிருப்பதால் மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்வதும் அங்கே அதிகம். ஆன்டிபயாடிக்கை ஏமாற்றும் வித்தை ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அண்டை வீட்டுக்காரரும் கற்றுக்கொள்வார். என்னைக் கேட்டால் இந்த முழு விவகாரத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது இது ஒன்றுக்குத்தான்.

கேள்வி: மணல் துகளிலும் கிருமி ஏறித்தானே பறக்கிறது? தனுஷ்கோடி மணல் காற்றில் இல்லாத கிருமியா? பிளாஸ்டிக்குக்கு மட்டும் என்ன தனி மரியாதை?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பரமக்குடி)

பதில்: ஐயா, இந்த வாரத்தின் முதல் பரிசு உங்களுக்கு. இந்தக் கேள்வியை ஆராய்ச்சிக்காரர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தூசியேறிக் கிருமி பறப்பது புதிய சங்கதி இல்லை. சார்லஸ் டார்வின் பீகிள் கப்பலில் போகும்போது கேப் வெர்டி தீவுகளின் பக்கம் கப்பல்மேல் படிந்த தூசியைச் சேகரித்து, ஜெர்மனியில் இருந்த எஹ்ரன்பெர்க்குக்கு அனுப்பினார். அவர் அதில் 67 வகை உயிர்வடிவங்களை எண்ணினார். டார்வின் அதைப் பற்றி 1846-ல் எழுதியும் விட்டார். பிளாஸ்டிக் பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டு முந்தைய கதை.

பிறகு எதற்குத் தனி மரியாதை? முதலில், எடை. மணலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம் என்றால், மீன் பெட்டிக் கயிறு செய்கிற பாலிப்ரொப்பிலீனுக்கு 0.9. மணல் என்றால் சீக்கிரம் கீழே விழுந்துவிடும் அளவிலான துகள்கூட, பிளாஸ்டிக் என்றால் இன்னும் தூரம் போகும். அதிலும் நூலாக இருந்தால் கேட்கவே வேண்டாம், நூல் மெதுவாகத்தான் இறங்கும். பிரனீஸ் மலைக்கு அந்தத் துகள்கள் 95 கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அடுத்தது, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு எண்ணெய்ப் பசைக்காரர்களோடு ஒட்டிக்கொள்ளும். பூச்சிக்கொல்லி எச்சமும், தொழிற்சாலைக் கழிவும், உலோகமும் அதே துகளில் கிருமியோடு சேர்ந்து பயணம் செய்யும். மூன்றாவதாக, ஆயுள். ஓர் இலைத் துணுக்கு மக்கிவிடும், பிளாஸ்டிக் மக்காது. இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும்.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். காற்று கிருமிக்கு நல்ல இடமில்லை. அதிலும் நம் சீமை வெயிலில், உலர்ந்த காற்றில், கடலில் சுகமாக இருந்த வைப்ரியோவில் பெரும்பகுதி வழியிலேயே செத்துப்போகும். தாக்குப்பிடிப்பவை பெரும்பாலும் வித்துறை போட்டுக்கொள்ளும் பாக்டீரியாக்களும் பூஞ்சை வித்துக்களும்தான். அஸ்பெர்ஜில்லஸ் அந்தப் பூஞ்சைகளில் ஒன்று. ஆகவே கடற்கரையில் நின்று மூச்சிழுத்தால் காலரா வரும் என்று யாராவது சொன்னால் அவரைக் கைகட்டி நிற்கச் சொல்லி இதை வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: எங்க ஊருக்கும் கடலுக்கும் ரொம்பத் தூரம். எங்களுக்கு இதுல என்ன?
(வாசகர், முதுகுளத்தூர்)

பதில்: உங்கள் ஊரில் கடல் இல்லை, கருவேலம் இருக்கிறதே! பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். சீமைக் கருவேல முள் ஒவ்வொன்றிலும் ஒரு கேரி பை தொங்கும். காற்றடிக்கும்போது முள் கிழிக்கிறது, வெயில் அடிக்கும்போது புற ஊதாக் கதிர் அதை மொறுமொறுப்பாக்குகிறது. ஆறு மாதம் கழித்துப் பை காணாமல் போனால் பஞ்சாயத்துக்காரர் எடுத்துப்போனார் என்று நினைக்காதீர்கள். அது பொடியாகிக் கண்மாய்க்கும் களத்துக்கும் போய்விட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. முள்ளுக்கு அரசாணை வந்து சேரவில்லை போலிருக்கிறது.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா. இதனால கூடுமா?
(இல்லத்தரசி, ராமேஸ்வரம்)

பதில்: அம்மா, அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பாக்டீரியா சுமார் ஒரு மைக்ரான். ஒரு கூட்டமே குடியிருக்கும்படியான பிளாஸ்டிக் துகள் அதைவிடப் பலமடங்கு பெரியது. அவ்வளவு பெரியது மூக்கிலும் தொண்டையிலுமே மாட்டிக்கொள்ளும், சளியோடு வெளியே வரும், அல்லது வயிற்றுக்குள் போகும். நுரையீரலின் அடி அறை வரைக்கும் போகிற 2.5 மைக்ரான் துகளில் ஒரு சில பாக்டீரியாவுக்கு மேல் இடமே கிடையாது. நூலிழை மட்டும் இந்த விதிக்குள் அடங்காது. நீளம் அதிகமானாலும் தடிமன் குறைவு என்பதால் ஆழமாகப் போய்விடும். 2022-ல் இங்கிலாந்தில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களின் நுரையீரல் திசுவைப் பார்த்தபோது 13 மாதிரிகளில் 11-ல் நுண்பிளாஸ்டிக் இருந்தது.

இருப்பது வேறு, நோய் செய்வது வேறு. நைலான் தூளோடு நாள் முழுவதும் வேலைசெய்த அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வந்தது 1990-களில் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அது தொழிற்சாலைக்குள், கொட்டும் அளவில். தெருவில் நடக்கிறவருக்கு என்ன ஆகும் என்று தீர்ப்புச் சொல்ல ஆதாரம் போதாது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அறிக்கை கொடுத்தது.

ஆனால் ஆதாரம் போதுமான ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கிறது. சாயங்காலம் குப்பையைக் கூட்டிவைத்து, பையும் பாட்டிலுமாகத் தீ வைக்கிறார்களே, அந்தப் புகை. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வரும். கிருமி செத்துவிடுகிறதே என்பார்கள். செத்தது கிருமி, மூச்சுத் திணறுவது நீங்கள். இன்ஹேலரை விடாமல் எடுங்கள், டாக்டரைப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுங்கள். மூன்றும் ஒரே வாரத்தில் நடக்கட்டும்.

கேள்வி: அப்ப மாஸ்க் போடலாமா?
(வாசகர், தொண்டி)

பதில்: போடலாம். என்-95 மாஸ்க் எதில் செய்தது தெரியுமா? பாலிப்ரொப்பிலீன். கசக்கிச் சட்டைப் பையில் வைத்து ஒரு மாதம் போட்டால் அதுவே நூல் உதிர்க்கும். புகையும் தூசியும் உள்ள நாளில் புதிதாகப் போட்டு, முடிந்ததும் கடலில் எறியாமல் இருந்தால் சரி.

கேள்வி: நான் கருவாடு காயப்போட்டுப் பொழைக்கிறவ. கருவாட்டுல பிளாஸ்டிக்குன்னு எழுதி ஏவாரத்தைக் கெடுத்துராதீக.
(கருவாட்டு வியாபாரி, மண்டபம்)

பதில்: ஆத்தா, உங்கள் பக்கம் சாட்சி சொல்லவே வந்திருக்கிறேன். ஸ்காட்லாந்தில் 2018-ல் ஓர் ஆய்வு. சிப்பி இறைச்சி சாப்பிடுகிறவர் வயிற்றுக்குள் அதன் வழியாக ஆண்டுக்கு 123 நுண்பிளாஸ்டிக் துகள் போகும் என்று கணக்கிட்டார்கள். அதே சாப்பாட்டு நேரத்தில் வீட்டுத் தூசியிலிருந்து எத்தனை நூலிழை அவருக்கு வந்து சேரும்? ஆண்டுக்கு 13,731 முதல் 68,415 வரை. சோபாவும் திரைச்சீலையும் போட்ட டைனிங் ஹாலில் உட்கார்ந்து கருவாட்டைக் குறைசொல்பவர்களுக்கு இந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.

கிருமியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்றாகக் காய்ந்த மீனில் வைப்ரியோவுக்கு வாழ்வு கடினம், குழம்பு கொதித்தால் அதோடு தீர்ந்தது. பிளாஸ்டிக்கோ கொதித்தாலும் போகாது. அதனால் உங்களுக்கும் ஒரு வேலை வைக்கிறேன். கிழிந்த நைலான் வலையையும் நைந்துபோன நீலத் தார்ப்பாயையும் விரித்து மீன் போடுகிறீர்களே, காற்று கொண்டுவருவதைவிட அதிலிருந்து உதிர்வதுதான் மீனில் அதிகம் ஒட்டும். சிமெண்டுக் களமோ மூங்கில் பரணோ கிடைத்தால் அதில் போடுங்கள். மணலும் ஒட்டாது, விலையும் கூடும்.

கேள்வி: உப்புல?
(ஒரே சொல்லில் கேட்ட வாசகர், வாலிநோக்கம்)

பதில்: இருக்கிறது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2020-ல் சொன்ன கணக்குப்படி, கடல்நீர் பாய்ச்சி எடுத்த உப்பில் கிலோவுக்கு சராசரி 35 முதல் 72 துகள், ஆழ்துளைக் கிணற்று நீரில் எடுத்த உப்பில் 2 முதல் 29. திறந்தவெளிப் பாத்தி என்பதால் கடலும் போடும், காற்றும் போடும். ஒருவர் நாளைக்கு ஐந்து கிராம் உப்பு தின்றால் ஆண்டுக்கு இரண்டு கிலோகூட வராது. அதாவது அதிகம் போனால் சுமார் 130 துகள். அமெரிக்கர்களுக்கு 2019-ல் போட்ட கணக்கில், சாப்பாடும் மூச்சும் சேர்த்து ஆண்டுக்கு 74,000 முதல் 1,21,000 வரை வந்தது. உப்புக் கவலையை விட்டுத் தொலையுங்கள். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்தால் அது வேறு புண்ணியம்.

கேள்வி: மன்னார் வளைகுடாப் பவளப்பாறைக்கு இந்தக் கிருமியால ஆபத்து உண்டா?
(மாணவர், மண்டபம் கேம்ப்)

பதில்: மனிதரைவிடப் பவளத்துக்குத்தான் ஆதாரம் கெட்டியாக இருக்கிறது. ஆசிய பசிபிக் பகுதியில் 159 பவளத்திட்டுகளில் ஏறக்குறைய 1,24,000 பவளங்களைப் பார்த்து, 2018-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிளாஸ்டிக் தொடாத பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதம், பிளாஸ்டிக் தொட்டுக்கொண்டிருந்தால் 89. பை மூடி வெளிச்சத்தை மறைக்கிறது, உரசிப் புண்ணாக்குகிறது, அந்தப் புண்ணில் தன்மேல் குடியிருக்கும் கிருமியை இறக்கிவிடவும் கூடும். அந்த ஆய்வு பெரிய பிளாஸ்டிக்கைப் பற்றியது, பொடியைப் பற்றியதல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினோம், 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் என்றோம். ராமேஸ்வரம் தீவுக் கடற்கரை மணலைச் சலித்த ஆய்வு ஒன்றும் 2018-ல் வந்தது. 403 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கிடைத்தன, முதலிடம் பாலிப்ரொப்பிலீனுக்கு. தீவுக்குப் படகு போகாமல் வனத்துறை தடுக்கலாம், காற்றை எந்தச் சோதனைச் சாவடியில் நிறுத்துவது?

கேள்வி: எதுக்கெடுத்தாலும் மீனவன்தான் காரணமா? எங்க தங்கூசி வலை மட்டும்தான் ஒங்க கண்ணுக்குத் தெரியுதா?
(விசைப்படகுத் தொழிலாளி, தங்கச்சிமடம்)

பதில்: கோபம் நியாயம். அறுந்த வலை பவளத்தில் சிக்கிக் கிடப்பதும் உண்மை, அதற்கு நீங்கள் மட்டும் பொறுப்பில்லை என்பதும் உண்மை. கிழிந்த வலையை நாள்கூலி போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தால் பல இடங்களில் அதைக் கேட்க ஆளில்லை. துறைமுகத்திலேயே கிலோ இவ்வளவு என்று விலை போட்டு எடுத்துக்கொண்டால் ஒரு துண்டு தங்கூசி நைலான்கூடக் கடலில் கிடக்காது என்பது என் கட்சி.

மற்ற பங்காளிகளையும் எண்ணுவோம். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்தவர்கள் உடுத்திய துணியை அங்கேயே விட்டுப் போகிறார்கள். முன்பு அது பருத்தி வேட்டி, மக்கிப்போகும். இப்போது பாலியஸ்டர் சேலை. பாவம் கரைந்தாலும் பாலியஸ்டர் கரைவதில்லை, அலை அதை நூல்நூலாகப் பிரித்துக் காற்றுக்குத் தருகிறது. இன்னொரு பங்காளி பெரிய கப்பல்காரன். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகில் எக்ஸ்பிரஸ் பேர்ல் எரிந்தபோது சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலுக்குப் போனது. 2025 மே மாதம் கேரளக் கரையோரம் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கி, அதிலிருந்த குருணை கன்னியாகுமரிக் கரைக்கும் வந்தது. அந்த அளவைத் தங்கூசியால் எட்ட உங்கள் பேரன் காலம்வரை வலை வீச வேண்டும்.

கேள்வி: காற்றுத் தரப் பலகையில் இதை ஏன் காட்டுவதில்லை?
(வாசகி, இராமநாதபுரம்)

பதில்: 2009-ல் வகுத்த தேசியக் காற்றுத் தர அளவுகோலில் 12 மாசுகள்தான். பி.எம். 10, பி.எம். 2.5 என்பது துகளின் அளவையும் எடையையும் மட்டும் பார்க்கும். அது மண்ணா, புகையா, பிளாஸ்டிக்கா, அதன்மேல் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்காது. கொல்கத்தா ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) விஞ்ஞானிகள் முன்னின்று நடத்தி 2025-ல் வெளியிட்ட ஆய்வு டெல்லி, கொல்கத்தா, மும்பை, சென்னை சந்தைகளின் காற்றில் அதைத்தான் கேட்டது. டெல்லியும் கொல்கத்தாவும் அதிகம், கடற்காற்று வாங்கும் சென்னையும் மும்பையும் குறைவு. கடலைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

கேள்வி: இதை நான் கண்ணால பாக்கணும். ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு என்ன செய்யலாம்?
(எட்டாம் வகுப்பு, ஏர்வாடி)

பதில்: சபாஷ். வடிகட்டிய தண்ணீரால் கழுவிய எவர்சில்வர் தட்டு இரண்டு எடுத்துக்கொள். பிளாஸ்டிக் தட்டு எடுத்தால் ஆட்டம் அப்போதே அவுட். இரண்டிலும் வடிகட்டிய தண்ணீர் ஊற்று. ஒன்றை மொட்டைமாடியில் திறந்து வை, இன்னொன்றை அதன் பக்கத்திலேயே எவர்சில்வர் மூடி போட்டு வை. மறுநாள் இரண்டு தண்ணீரையும் தனித்தனி வடிதாளில் ஊற்றி, காயவைத்து, பள்ளிக்கூட நுண்ணோக்கியில் பார். நீலம், சிவப்பு, கறுப்பு நூல் தெரியும். டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சூடாக்கிய ஊசி முனையை அதனிடம் கொண்டுபோ. சுருண்டு உருகினால் பிளாஸ்டிக், உருகாமல் கருகினால் பருத்தி. திறந்த தட்டின் எண்ணிக்கையிலிருந்து மூடிய தட்டின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவதுதான் காற்று கொண்டுவந்தது. கிருமி வளர்க்கும் ஆசையை மட்டும் காலேஜ் போகும்வரை தள்ளிவை. முக்கியமான விஷயம், அன்றைக்குச் சிவப்பு நைலான் சட்டை போட்டுக்கொண்டு மாடிக்குப் போகாதே. ஏர்வாடிக் காற்றில் இருப்பதெல்லாம் சிவப்பு நைலான்தான் என்று நீ கண்டுபிடித்துவிடுவாய், நடுவர்களும் பரிசு கொடுத்துவிடுவார்கள்.